உலோக அணைவுச் சேர்மம் தயாரித்து உயிரியல் சோதனை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிஃப் காரத்தைச் செய்வது, அதைத் தாமிரம், நிக்கல், கோபால்ட், துத்தநாகம் என்று நாலு உலோகத்தோடு சேர்ப்பது, நிறமாலை எடுப்பது, கடைசியில் கிருமிமேல் போட்டுப் பார்ப்பது. நம் கல்லூரிகளில் கனிம வேதியியல் ப்ராஜெக்ட்டுக்கு இது நன்றாகப் பழகிய பாதை. இந்தப் பாதையில் போகும் எம்.எஸ்சி. மாணவர்களும் பிஎச்.டி. தொடங்குகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

அணைவுச் சேர்மம், ஈனி என்றால் என்ன?

நடுவில் ஓர் உலோக அயனி. அதற்குத் தங்கள் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள் ஈனிகள். ஒரே ஈனி இரண்டு மூன்று இடங்களில் உலோகத்தைப் பிடித்தால் அது கொடுக்கிணைப்பு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் படித்தது இவ்வளவுதான், இந்தப் பக்கத்துக்கும் இது போதும்.

உலோகத்தைப் போய் மருந்தாகப் பார்ப்பானேன்?

சிஸ்பிளாட்டின் என்ற ஒரே மருந்தால் வந்த ஆர்வம் என்றே சொல்லலாம். அந்தப் பிளாட்டினம் சேர்மத்தை இத்தாலியரான பெய்ரோனே 1840-களிலேயே செய்துவிட்டார். அதன் வடிவத்தை வெர்னர் 1893-இல் விளக்கினார். நூறு வருஷத்துக்கு மேல் அது வேதியியல் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் மின்புலம் செல் பிரிவதைப் பாதிக்குமா என்று பார்க்க, ஈ.கோலை பாக்டீரியா வளரும் ஊடகத்தில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின, சில இயல்பு நீளத்தைவிட 300 மடங்குவரை. மின்புலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் ஊடகத்தில் இருந்த அம்மோனியத்தோடும் குளோரைடோடும் சேர்ந்து உண்டாக்கிய அணைவுச் சேர்மம்தான் காரணம். 1965-இல் இந்த முடிவு வெளியானது. 1978-இல் சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையைப் பலரும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். ரோசன்பர்க்கின் குழு, செல்லைப் பாதித்தது எந்தச் சேர்மம் என்று விடாமல் தேடி, ஒவ்வொன்றாகக் கழித்து, ஒரே வகை ஈனிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சிஸ் வடிவத்தைக் கண்டுபிடித்தது. அதே அணுக்கள் கொண்டு, அவை எதிரெதிரே இருக்கும் டிரான்ஸ் வடிவம் அந்த வேலையைச் செய்யவில்லை. சோதனைக் குழிக்குள் உண்மையில் இருப்பது எது என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். நம் ப்ராஜெக்ட்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

சிஸ்பிளாட்டின் தவிர, மூட்டுவாதத்துக்கான தங்கச் சேர்மம் ஆரனோஃபின், தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளி சல்ஃபாடயசின், வயிற்றுக்கான பிஸ்மத் உப்புகள் எல்லாம் மருந்துக்கடைவரை வந்தவை. தாமிரத்தில் மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் லேனா ரூயிஸ் அசுவாரா உருவாக்கிய காசியோபேயினாக்கள் மனிதர்களிடம் சோதனைவரை போயின.

எல்லோரும் சிஃப் காரத்தையே எடுப்பது ஏன்?

எளிது, மலிவு, கண்ணுக்குத் தெரியும்படி நிறம் மாறும். ஆல்டிஹைடும் முதல்நிலை அமீனும் சேர்ந்து தண்ணீரை விட்டுவிட்டு கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உண்டாகும். ஹூகோ ஷிஃப் 1864-இல் சொன்ன வினை. ஆல்டிஹைடை மாற்றினால் ஒரு புது ஈனி, அமீனை மாற்றினால் இன்னொன்று. கடையில் கிடைக்கும் இருபது பாட்டிலை வைத்து நூறு ப்ராஜெக்ட் போடலாம். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டோடு தயாரிப்பைச் சொல்ல முடியுமா?

சாலன் என்ற சிஃப் காரத்தை எடுத்துக்கொள்வோம். சாலிசிலால்டிஹைடு 10 மில்லிமோல், அதாவது 1.22 கிராம், ஏறக்குறைய 1.05 மி.லி. அதை 20 மி.லி. சூடான எத்தனாலில் கரையுங்கள். எத்திலீன்டையமீன் 5 மில்லிமோல், 0.30 கிராம், அதாவது 0.33 மி.லி. அளவை எத்தனாலில் கலந்து கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். பளிச்சென்ற மஞ்சள் செதில்கள் உடனே வர ஆரம்பிக்கும். குளிரவைத்து, வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலில் கழுவி, எத்தனாலிலேயே மறுபடிகமாக்குங்கள். உருகுநிலை 125–128 டிகிரி செல்சியஸுக்குள் கூர்மையாக இருக்க வேண்டும். நாலைந்து டிகிரிக்குப் பரவினால் மறுபடியும் படிகமாக்குங்கள். சுத்தமில்லாத ஈனியோடு அடுத்த படிக்குப் போகாதீர்கள். அங்கே சேர்ந்த அழுக்கு கடைசிவரை கூட வரும்.

அப்புறம் ஒரு மில்லிமோல் சாலன், 0.27 கிராம், சூடான எத்தனாலில். அதில் ஒரு மில்லிமோல் தாமிர அசிட்டேட் மோனோஹைட்ரேட், 0.20 கிராம், எத்தனாலோடு சிறிது தண்ணீரும் சேர்த்துக் கரைத்து ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் ரீஃப்ளக்ஸ், அதாவது ஆவி குளிர்ந்து திரும்பி விழும்படி கொதிக்கவைப்பது. பச்சைச் சாயலில் வீழ்படிவு வரும். நிக்கல் போட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு, துத்தநாகம் போட்டால் வெளிர் மஞ்சள். கோபால்ட் மட்டும் தனி ரகம். கோபால்ட் சாலன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் என்று சுமாகி என்ற ஜப்பானியர் 1938-லேயே காட்டினார். நைட்ரஜன் இல்லாமல் திறந்த குடுவையில் செய்துவிட்டு 'கோபால்ட் இரண்டு' (+2 நிலை) என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

அசிட்டேட், குளோரைடு, நைட்ரேட், பெர்குளோரேட்: எந்த உப்பு நல்லது?

பீனால் தொகுதி உள்ள ஈனிக்கு அசிட்டேட் வசதி. பீனாலின் புரோட்டானை அசிட்டேட்டே வாங்கிக்கொள்ளும். குளோரைடு என்றால் கொஞ்சம் டிரைஎத்திலமீன் சேர்க்க வேண்டியிருக்கும், அதன் உப்பு விளைபொருளோடு ஒட்டிக்கொண்டு வரும், கழுவ வேண்டும். பெர்குளோரேட் நல்ல படிகம் தரும், ஆனால் கரிம ஈனியோடு சேர்ந்த பெர்குளோரேட் உப்புகள் வெடிக்கக்கூடியவை. உலர்ந்த தூளைக் கரண்டியால் சுரண்டுவது, அடுப்பில் சூடாக்குவது, உருகுநிலை பார்ப்பது எதுவும் வேண்டாம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

வந்த தூள் நான் நினைத்த சேர்மம்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

நிறம் மாறியது ஆதாரம் ஆகாது. தாமிர உப்பு எதோடு சேர்ந்தாலும் நிறம் மாறும்.

முதலில் தனிமப் பகுப்பாய்வு. கணக்குக்கும் அளவுக்கும் 0.4 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. தாமிர சாலனுக்குக் கார்பன் 58.26, ஹைட்ரஜன் 4.28, நைட்ரஜன் 8.49 சதவீதம் வர வேண்டும். ஒரு மூலக்கூறு தண்ணீர் ஒட்டியிருந்தால் கார்பன் 55.25-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு தண்ணீருக்கு மூன்று சதவீதம்! கார்பன் குறைவாக வந்ததும் ஒன்றரைத் தண்ணீர், அரை எத்தனால் என்று சேர்த்துக் கணக்கைப் பொருத்துவது பரவலாக நடக்கிறது. அப்படி எழுதினால் வெப்ப எடையிழப்பு வரைபடத்தில் அந்தத் தண்ணீர் போவதைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அது வெறும் கணக்கு வித்தை.

அகச்சிவப்பு நிறமாலையில் ஈனியின் கார்பன்–நைட்ரஜன் பட்டை 1630 அலை எண்ணை (செ.மீ⁻¹) ஒட்டி வரும். உலோகம் சேர்ந்ததும் அது வழக்கமாகப் பத்து இருபது அலை எண் கீழே இறங்கும். பீனால் கார்பன்–ஆக்சிஜன் பட்டை 1280 பக்கத்திலிருந்து மேலே ஏறும். 400-க்கும் 600-க்கும் இடையில் வரும் சின்னப் பட்டைகளுக்கெல்லாம் 'உலோகம்–நைட்ரஜன்', 'உலோகம்–ஆக்சிஜன்' என்று பெயர் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஈனியிலேயே அந்தப் பகுதியில் பட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

துத்தநாகம், சதுரத்தள நிக்கல் இரண்டும் காந்தத்தன்மை இல்லாதவை என்பதால் என்எம்ஆர் நன்றாக வரும். ஈனியில் 13 பிபிஎம்மை ஒட்டி இருந்த பீனால் புரோட்டான் மறைந்திருக்க வேண்டும். தாமிரத்துக்கு என்எம்ஆர் உதவாது. ஈஎஸ்ஆர் (இணையற்ற எலக்ட்ரானைப் பார்க்கும் நிறமாலை) எடுங்கள், காந்தத் திருப்புத்திறன் 1.8 போர் மேக்னட்டான் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். நிக்கலில் மூன்றை ஒட்டி மதிப்பு வந்தால் அது சதுரத்தளம் அல்ல, எண்முகியாகவோ நான்முகியாகவோ இருக்கும். கடத்துத்திறன் மலிவான சோதனை, அதனால் மதிப்பு குறைந்தது இல்லை. டிஎம்எஃப் என்ற கரைப்பானில் ஆயிரத்தில் ஒரு மோலார் கரைசலுக்கு 65–90 ஓம்⁻¹ செ.மீ² மோல்⁻¹ வந்தால் ஒன்றுக்கு ஒன்று மின்பகுளி. அதற்கு மிகக் கீழே என்றால் மின்னூட்டம் இல்லாத சேர்மம். குளோரைடு உலோகத்தோடு பிணைந்திருக்கிறதா, வெளியே சும்மா நிற்கிறதா என்பதை இது சொல்லும்.

நிறை நிறமாலையில் தாமிரம் தன் கையெழுத்தைப் போடும்: 63, 65 என்ற இரண்டு ஐசோடோப்புகள், 69-க்கு 31 என்ற விகிதத்தில். அந்த இரட்டைச் சிகரம் இல்லாத இடத்தில் தாமிரம் இல்லை.

ஒற்றைப் படிகம் கட்டாயமா?

கிடைத்தால் பெரும் வரம். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு படிகத்தின் வடிவம் தெரிந்ததாலேயே மீதித் தூள் முழுக்க அதுதான் என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீரில் கரையவில்லை. டிஎம்எஸ்ஓ போடலாமா?

போடலாம், யோசித்துப் போட வேண்டும். டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) வெறும் கரைப்பான் மட்டும் அல்ல, அதுவே ஓர் ஈனி. சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் குளோரைடை வெளியே தள்ளிவிட்டுக் கந்தகம் வழியாக அது பிளாட்டினத்தோடு பிணைந்துகொள்ளும், மருந்தின் வீரியம் போய்விடும். இது தெரிந்தும், சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைத்து ஒப்பீட்டு மருந்தாக வைத்து, 'எங்கள் சேர்மம் சிஸ்பிளாட்டினைவிடச் சிறந்தது' என்று எழுதுகிற கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிஸ்பிளாட்டினை உப்புநீரில் கரையுங்கள்.

உங்கள் சேர்மத்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்ததும் ஒரு யுவி நிறமாலை எடுங்கள். பிறகு அதைச் சோதனை ஊடகத்திலேயே நீர்த்து, உடனே ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று எடுங்கள். பட்டை நகர்ந்தாலோ அடியில் ஏதாவது படிந்தாலோ, சோதனையின் முடிவில் குழியில் இருப்பது நீங்கள் எடை போட்ட சேர்மம் அல்ல. அரை நாள் வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்களுக்கும் அடிப்படை இது. கடைசி அளவில் டிஎம்எஸ்ஓ பாக்டீரியாவுக்கு ஒரு சதவீதத்துக்குள்ளும், செல்களுக்கு அரைச் சதவீதத்துக்குள்ளும் இருக்கட்டும்.

கிருமிச் சோதனையை எப்படித் தொடங்குவது?

வேதியியல் துறையில் நீங்களாகவே தொடங்காதீர்கள். நுண்ணுயிரியல் துறையில் ஒருவரைப் பிடியுங்கள். கிருமித் திரிபுகளைச் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பிலிருந்து வாங்கலாம். பக்கத்து ஆய்வகத்தில் கிடந்த பெயர் தெரியாத தட்டிலிருந்து எடுத்தால் முடிவை யாராலும் திரும்பச் செய்து பார்க்க முடியாது. முல்லர்–ஹின்டன் அகார் 4 மி.மீ. கனம், கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கிருமி அடர்த்தியைக் காட்டும் அளவுகோல்) கலங்கல், 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்: சேர்மம் ஊறிய காகித வட்டைக் கிருமித் தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை (தடைமண்டலம்) அளக்கும் வட்டுச் சோதனைக்கு இவையெல்லாம் தரப்படுத்தப்பட்டவை. வட்டின் விட்டமே 6 மி.மீ. ஆகவே அட்டவணையில் 6 என்று இருந்தால் அதற்கு அர்த்தம் பூஜ்யம்.

தடைமண்டலம் பெரிதாக வந்த சேர்மம்தானே சிறந்தது?

இல்லை. அகாருக்குள் எது வேகமாகப் பரவுகிறதோ அதன் வட்டம் பெரிதாகத் தெரியும். உலோக உப்பு தண்ணீரில் கரையும், ஓடிப் பரவும். மின்னூட்டமில்லாத சதுரத்தளச் சேர்மம் வட்டிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டின் மில்லிமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டை வரைபடம் போடுவதில் பெரிய பயன் இல்லை.

குறைந்தபட்சத் தடைச் செறிவைப் பாருங்கள். 96 குழித் தட்டில் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் ஒரு மி.லி.க்கு ஐந்து லட்சம் கிருமி என்ற கணக்கில் விட்டு, எந்தக் குழிவரை வளர்ச்சி இல்லை என்று படிப்பது. நிறமுள்ள சேர்மத்தில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் உயிருள்ள கிருமி இருந்தால் நிறம் மாறும் ரெசாசுரின் சாயம் உதவும், ஆனால் அந்தச் சாயத்தோடு உங்கள் சேர்மமே வினைபுரியவில்லை என்று கிருமி இல்லாத குழியில் பார்த்துவிட்டு.

முடிவை மைக்ரோமோலாரில் எழுதுங்கள். ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்பது தாமிர சாலனுக்கு 303 மைக்ரோமோலார். சிப்ரோஃப்ளாக்சசினுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஸ்டஃபைலோகாக்கஸ் திரிபில் எதிர்பார்க்கும் அளவு ஒரு மி.லி.க்கு 0.12 முதல் 0.5 மைக்ரோகிராம். இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு 'குறிப்பிடத்தக்க செயல்திறன்' என்று எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

கன்ட்ரோல் என்று எதையெல்லாம் வைக்க வேண்டும்?

ஈனி மட்டும், கரைப்பான் மட்டும், ஒப்பீட்டு மருந்து: இந்த மூன்றையும் எல்லோரும் வைக்கிறார்கள். விட்டுப்போவது உலோக உப்பு. அணைவுச் சேர்மத்தில் எத்தனை மோல் தாமிரம் இருக்கிறதோ அதே அளவு தாமிர அசிட்டேட்டைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இதோடு இன்னொன்றும் வைக்கச் சொல்வேன்: ஈனியையும் உப்பையும் தனித்தனியாக எடை போட்டு, பிரித்தெடுக்காமல் குழியிலேயே கலந்த கலவை. அந்தக் கலவையும் உங்கள் சேர்மமும் ஒரே எண்ணைத் தந்தால், மூன்று மாதம் கஷ்டப்பட்டுச் சுத்தப்படுத்தியதற்கும் செயல்திறனுக்கும் தொடர்பு இல்லை.

ஏன் இவ்வளவு சந்தேகம்? முல்லர்–ஹின்டன் ஊடகத்தில் லிட்டருக்கு 17.5 கிராம் கேசீன் நீராற்பகுப்புப் பொருள் இருக்கிறது, அதாவது அமினோ அமிலக் குவியல். அமினோ அமிலங்கள் தாமிரத்தை விரும்பிப் பிடிப்பவை. செல் வளர்க்கும் ஊடகத்தில் சீரம் சேர்ப்போம், அதிலுள்ள அல்புமினுக்கும் தாமிரம் என்றால் உயிர். செல்லுக்குள் போனால் குளுட்டாதயோன் என்ற ஒடுக்கி மில்லிமோலார் அளவில் காத்திருக்கிறது, தாமிரம் இரண்டைத் தாமிரம் ஒன்றாக ஒடுக்க. துத்தநாகச் சேர்மங்கள் பலவற்றில் பிடி இன்னும் தளர்வு. ஈனிக்கும் நிம்மதி இல்லை. சிஃப் காரம் தண்ணீரில் உடைந்து மறுபடியும் ஆல்டிஹைடும் அமீனும் ஆகலாம். சாலிசிலால்டிஹைடுக்கே கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. அப்படியானால் 'ஈனியின் செயல்திறன்' என்று நீங்கள் அளந்தது எதன் செயல்திறன்? ஆல்டிஹைடையும் ஒரு குழியில் வையுங்கள்.

'ட்வீடியின் கொடுக்கிணைப்புக் கொள்கைப்படி' என்று விவாதத்தில் எழுதலாமா?

கொடுக்கிணைப்பால் உலோகத்தின் மின்னூட்டம் ஈனியோடு பகிரப்படுகிறது, சேர்மம் கொழுப்பில் எளிதாகக் கரைகிறது, ஆகவே செல் சவ்வைக் கடக்கிறது என்ற விளக்கம் அது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் அதை எழுதுகிறவர்களில் ஆக்டனால்–தண்ணீர் பங்கீட்டு எண்ணை அளந்தவர்கள் எத்தனை பேர்? செல்லுக்குள் எவ்வளவு உலோகம் போனது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அளந்திருந்தால் எழுதுங்கள். அளக்காவிட்டால் அந்தப் பத்தியை விட்டுவிடுவதால் ஆய்வேட்டுக்கு ஒரு குறையும் வராது.

டிஎன்ஏவோடு பிணைகிறது என்று எப்படிக் காட்டுவது?

கன்றுத் தைமஸ் டிஎன்ஏவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சேர்மத்தின் யுவி பட்டை குறைவதைப் பார்ப்பது வழக்கம். டிஎன்ஏ சுத்தமா என்று 260, 280 நானோமீட்டர் விகிதத்தைப் பாருங்கள், 1.8-க்குக் குறையக் கூடாது. பட்டை குறைந்து சிவப்புப் பக்கம் நகர்ந்தாலே 'இடைச்செருகல்' என்று முடிவு கட்டாதீர்கள். உண்மையாகவே டிஎன்ஏவின் கார இணைகளுக்கு நடுவில் செருகினால் டிஎன்ஏ நீளும், கரைசலின் பாகுநிலை ஏறும். பாகுநிலைமானி பழைய கருவிதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது தரும் பதில் நம்பத்தகுந்தது. டிஎன்ஏவுக்குள் செருகி ஒளிரும் எத்திடியம் புரோமைடு சாயத்தை வைத்துச் செய்யும் சோதனையில் ஒளிர்வு குறைந்தால், சாயம் வெளியே தள்ளப்பட்டதால் இருக்கலாம், தாமிரம் அருகில் இருந்தே ஒளிர்வை அணைத்ததாலும் இருக்கலாம்.

பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் வட்ட டிஎன்ஏ) வெட்டும் சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடோ அஸ்கார்பிக் அமிலமோ சேர்த்தால், ஈனியே இல்லாத வெறும் தாமிரமும் டிஎன்ஏவை வெட்டும். மறுபடியும் அதே உப்புக் கன்ட்ரோல்.

எம்டிடி சோதனையில் கவனிக்க வேண்டியது?

உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதா ஃபார்மசானாக ஒடுக்கும், 570 நானோமீட்டரில் அளப்போம். சில சேர்மங்கள் செல் இல்லாமலேயே அதைச் செய்துவிடும், சில அந்த அலைநீளத்திலேயே ஒளியை உறிஞ்சும். தாமிரம் இரண்டின் டி–டி பட்டை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. செல் இல்லாத குழி ஒரு வரிசை வையுங்கள். புற்றுச் செல்லோடு ஓர் இயல்பான செல் வரிசையும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் கொல்வது மருந்து இல்லை, விஷம். ஹீலா, எம்சிஎஃப்-7 போன்ற செல்கள் புனேயின் தேசியச் செல் அறிவியல் மையத்தில் கிடைக்கும்.

டிபிபிஎச் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு?

மெத்தனாலில், உயிரே இல்லாத ஓர் ஊதாச் சாயம் 517 நானோமீட்டரில் வெளிறுகிறதா என்று பார்க்கும் சோதனை. செய்யலாம். அதை வைத்து உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

டாக்கிங் (மூலக்கூறு புரதத்திலோ டிஎன்ஏவிலோ எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) சேர்க்கச் சொல்கிறார்கள்.

இலவச மென்பொருள்கள் பெரும்பாலும் கரிம மூலக்கூறுகளுக்காக உருவாக்கப்பட்டவை. உலோகத்தின் மின்னூட்டமும் பிணைப்புத் திசையும் அதில் சரியாக வராது. சேர்மம் ஊடகத்தில் உடையாமல் இருக்கிறது என்று காட்டிய பிறகு வேண்டுமானால் ஒரு படமாகப் போடலாம்.

எலியில் செய்து பார்க்கலாமா?

விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கூடாது. மேலே சொன்னவை முடியாமல் அனுமதி கேட்கவும் கூடாது என்பேன்.

உலோக உப்பே என் சேர்மத்துக்குச் சமமாக வேலை செய்கிறது. ப்ராஜெக்ட் வீணா?

இல்லை. அந்த எண்ணை அப்படியே அட்டவணையில் போடுங்கள். ஊடகத்தில் 24 மணி நேர நிறமாலையையும் பக்கத்தில் வையுங்கள். சேர்மம் உடைந்து உலோகத்தை விடுகிறது என்று தெரிந்தால், எவ்வளவு நேரத்தில், எந்தப் பொருள் இருக்கும்போது என்று அடுத்துப் பார்க்கலாம். உலோகத்தை இன்னும் அதிக இடங்களில் பிடிக்கும் ஈனிக்குப் போகலாமா என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் பதில் வரும்.

மிச்சமான கரைசலைத் தொட்டியில் ஊற்றலாமா?

கூடாது. நிக்கலும் கோபால்ட்டும் புற்றுநோய் அச்சம் உள்ளவை, தாமிரம் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. உலோகக் கழிவுக்குத் தனிக் கேன் வைத்து, எந்த உலோகம் என்று எழுதி ஒட்டி, துறையின் கழிவுச் சேகரிப்பில் கொடுங்கள். எத்திடியம் புரோமைடு பட்ட ஜெல்லும் கையுறையும் வேறொரு கேனில். கிருமி வளர்த்த தட்டுகள் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியே போக வேண்டும்.